நாற்பதோடு நின்ற பாட்டு

எங்கள் சித்தப்பா குத்தாலம் கடைத்தெருவில் பேனர் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், சாவு எது வந்தாலும் படத்துக்குக் கீழே நாலு வரி பாட்டு வேண்டும். அதை எழுதுவது சித்தப்பாதான். ஒரு பெரியவருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் அவரே எழுதினார், பிறகு கண்ணீர் அஞ்சலிக்கும் அவரே எழுதினார். இரண்டுக்கும் ஒரே போட்டோவைப் போட்டதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது அந்தக் கடையில். யார் படம் பெரிது, யார் பெயர் முன்னால் என்று அங்கே தினமும் சண்டை நடக்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் விசேஷமே நின்றுவிடும் போலப் பேசுவார்கள். சித்தப்பா குரலை உயர்த்தவே மாட்டார்.

"எடம் பத்தாதுங்க. ஒங்க சொந்தபந்தம் அத்தன பேரையும் நான் எங்கங்க ஏத்துறது?"

அதைக் கேட்டதும் தாய்மாமன்கள்கூட முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் ஆடியிலிருந்து சித்தப்பா இளைத்துக்கொண்டே போனார். அப்பா அவரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். திரும்பி வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் வயிற்றில் புண் என்றார்கள். எனக்குக்கூட வாயில் புண் வரும், நாலு நாளில் ஆறிவிடும். அதனால் நான் கவலைப்படவில்லை. என் கவலையெல்லாம் என் பிறந்தநாள் பேனரைப் பற்றித்தான். பாட்டெழுதித் தருவதாகச் சொன்னவர், நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சத்தமா வாசி பாப்பா. பிழை இருந்தா சொல்லு."

என்னுடையதாக்கும் என்று ஓடினேன். திரையில் சித்தப்பாவின் முகம்தான் இருந்தது. ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்த படம், பக்கத்து இலைக்காரரை வெட்டியிருந்தார். கீழே இருந்ததை வாசித்தேன்.

பத்தில் காவிரியைத் தாண்டினேன்.
இருபதில் ஊரைத் தாண்ட நினைத்தேன்.
முப்பதில் ஊரார் விழாவுக்கெல்லாம் பாட்டெழுதினேன்.
நாற்பதில் கண்ணாடியில் ஒருவரைப் பார்த்தேன்,
யார் வீட்டு ஆளோ என்று வழிவிட்டு நின்றேன்.

"அம்பது, அறுபதெல்லாம் எங்க சித்தப்பா? ஊருக்கெல்லாம் எழுதுறீங்கல்ல?"

அவர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார், மறுபடி சிறிதாக்கினார்.

"எடம் பத்தாது பாப்பா."

தாய்மாமன்களே ஒத்துக்கொண்ட காரணம் அது. நானும் ஒத்துக்கொண்டேன். அவருக்கும் பிறந்தநாள் வருகிறது போலிருக்கிறது, என்னுடையதை விட்டுவிட்டுத் தன்னுடையதை முதலில் எழுதிக்கொண்டாரே என்று எனக்கு ஆத்திரம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுமூஞ்சியா இருக்கு" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் சித்தப்பா போய்விட்டார். என் பாட்டை எழுதவே இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். அதே பந்திப் படம், அதே பாட்டு. மேலே கண்ணீர் அஞ்சலி என்று மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து அழுதார்கள். நான் கடைசி வரிக்குக் கீழே பார்த்தேன். பேனரில் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் நீல நிறம்தான்.

அம்மாவின் புடவையை இழுத்து, "எடம் இருக்கும்மா. சித்தப்பா பொய் சொல்லிட்டாரு" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பந்தலுக்குப் போட்டிருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்று, அந்தக் காலி இடத்தைச் சாண் போட்டு அளந்தேன். ஐம்பதும் அறுபதும் எழுபதும் தாராளமாகப் பிடித்திருக்கும்.