பால்கனிக்காக அமெரிக்கா பார்த்த கதை

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நூலகத்துக்கு நான் போவது அங்கே ஓடும் மின்விசிறிக்காக. புத்தகத்தில் படம் மட்டும் பார்ப்பேன்.

இன்று ஒரு காரியத்தோடு போனேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஊ தெய்ன், மாடியிலுள்ள மரப் பால்கனியைப் பிடுங்கிவிட்டுத் தகரம் அடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அது போனால் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து, தெருவில் போகும் உங்களையெல்லாம் கேலி செய்வது?

நூலகத்தில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பழைய வீடுகளைத் திரையில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மனிதர் பர்மியர்தான், ஆனால் இந்த லத்தாப் பேட்டையில் தமிழர் நடுவே வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

திரையில் மர வீடுகள், செங்கல் கடைகள். எல்லாம் பாட்டன் காலத்தவை, புதுப் பெயின்டில் பளபளத்தன.

"பாத்தீங்களா? பழசை எப்படி வச்சிருக்காங்க!" என்றேன்.

"நம்ம ஊரு மழை அங்க பெஞ்சா தெரியும். குடியிருக்கிறவங்களும் உங்களை மாதிரி வாயடிக்க மாட்டாங்கம்மா."

"அதான் படத்துல தெருவுல ஒரு ஆளைக் காணோம்!"

அவர் சிரித்துவிட்டார். படம் காட்டியவர் எங்களை முறைத்தார்.

திரும்பி வந்ததும் பால்கனியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பா போட்ட தேக்கு. சரிம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்று நிம்மதியாக அதில் சாய்ந்தார்.

கைப்பிடி முறிந்து தெருவுக்குப் போய்விட்டது. ஊ தெய்ன் மேலேயே இருக்கிறார். கைப்பிடியை எடுத்து வைத்திருப்பவர் கொண்டுவந்து கொடுங்கள்; தேநீர் உண்டு.