ஒன்றை மட்டும் காட்டு

டாஷ்போர்டு பார்க்கிற வேலையில் பாதி, எதைப் பார்க்காமல் இருப்பது என்று முடிவு செய்வதுதான்.

இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண்ணும் என் கண் மாதிரிதான் எரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கடலூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். குளிர் அறை, அரிசி மில், தண்ணீர்த் தொட்டி, படகு என்று எங்கெங்கோ மாட்டியிருக்கும் கருவிகள் அனுப்புகிற தகவல் இணையத்தில் இருக்கிற கிளவுடுக்குப் போய், அங்கிருந்து எங்கள் டாஷ்போர்டுத் திரையில் கோடு கோடாக வந்து விழும். எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதால் ஒன்றும் புரியாது. அதற்காகத்தான் பில்டர். போட்டால் வேண்டியது மட்டும் நிற்கும், மீதி மறையும். குரூப் போட்டால் ஒரே இனம் ஒன்றாகச் சேரும். இரண்டுமே தற்காலிகம். பக்கத்தை மூடினால் போய்விடும், அடுத்தவர் திரையில் தெரியவும் தெரியாது.

காணாமல் போன மீன்

ஆறுமுகம் அண்ணன் தேவனாம்பட்டினத்தில் மீன் வைக்கிற குளிர் அறைகள் நடத்துகிறார். அவர் போனிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று டாஷ்போர்டைத் திறந்து கொடுத்திருந்தோம். ஒரு நாள் காலையில் அவர் விரல் ஏதோ ஒரு கோட்டின் மேல் பட்டிருக்கிறது. அந்த அறைக்கு மட்டும் பில்டர் விழுந்து, மற்ற அறைகள் எல்லாம் மறைந்துவிட்டன. உடனே எனக்குப் போன். "ரேவதி, ரூமெல்லாம் காணோம்மா!"

"பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தெறங்கண்ணே" என்றேன். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். ஒவ்வொரு கதவாகத் திறந்து அறைந்து மூடுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும் மட்டும் கேட்டது. கடைசி அறைக்குள்ளிருந்து, பல் கிட்டிக்கப் பேசினார்: "மீனெல்லாம் பத்திரமாத்தான் இருக்குது, உன் படத்துலதான் காணாப்போச்சு. நீ ஒண்ணும் பயந்துக்காதம்மா!"

சேகர் பேருக்கு நேரே சிவப்பு

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு அரிசி மில். நெல் காய வைக்கிற டிரையர்களில் சூடு எல்லை மீறினால் எங்கள் திரையில் சிவப்பு வரும். அந்த நேரத்தில் யார் மிஷின் ஓட்டினார் என்பதும் கூடவே பதிவாகும். முதலாளி ராமலிங்கம் சார் என்னை நேரில் வரச் சொன்னார். சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். "ஆள் ஆளாப் பிரிச்சிக் காட்டும்மா" என்றார். குரூப் போட்டேன். சேகர் என்ற பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு கூரையைத் தொட்டது.

"பாத்தியா? நெல்லு கருகிப் போவுதுன்னு நானும் கத்திக்கிட்டே இருக்கேன். இந்த மாசத்தோட அவன அனுப்பிடறேன்." சேகர் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "நான் நல்லாத்தான் பாத்துக்கறேன் சார்" என்றார். எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. போட்டது நான்தானே.

"ஒரு நிமிசம் சார்" என்று குரூப்பை மாற்றினேன். இந்தத் தடவை ஆள் வாரியாக இல்லை, மிஷின் வாரியாக. அத்தனை சிவப்பும் கிளம்பிப் போய்க் கடைசி டிரையரின் கீழே உட்கார்ந்துகொண்டது. அந்த டிரையரை மட்டும் பில்டர் செய்து பார்த்தால், யார் ஓட்டினாலும் சிவப்புதான். "அதுல சேகரே ஏன் சார் ஜாஸ்தி நிக்கிறாரு?" என்று கேட்டேன். "அது தகராறு புடிச்ச மிஷின்மா. வேற யாரு சமாளிப்பா? அதான் அவனப் போட்டு வெச்சிருக்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அடுத்த வாரம் அந்த மிஷினில் சூடு தருகிற பர்னரை மாற்றினார்கள். ஆனால் அன்றைக்கே அவர் தன் பக்கத்து நாற்காலியை வாசல் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வந்து உக்காருப்பா. கெட்ட மிஷின்ல நிறுத்தனது நானு, திட்டு வாங்கனது மட்டும் நீயா?"

மூன்றாவது மாடிக் குழாய்

அண்ணாமலை நகரில் விஜயா அக்கா காலேஜ் பெண் பிள்ளைகள் தங்குகிற லாட்ஜ் நடத்துகிறார். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த சலிப்பில், மாடிக்கு மாடி, குளியலறைக்குக் குளியலறை மீட்டர் மாட்டிவிட்டார். ஒரு மத்தியானம் போன் செய்து, தொட்டி வேகமாகக் காலியாகிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல் என்றார். மாடி வாரியாக குரூப் போட்டேன். மூன்றாவது மாடி. அதற்குள் பில்டர் போட்டேன். மூலையில் இருக்கிற ஒரே ஒரு குளியலறை. காலையிலிருந்து விட்டு விட்டுத் தண்ணீர் போகிறது.

"குழாய் வாஷர் போயிருக்குக்கா, பிளம்பரக் கூப்புடுங்க" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அக்கா போனை வைக்காமல் படியேறிப் போனார். கதவுப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. திரும்பப் பேசியபோது குரல் கிசுகிசுப்பாக இருந்தது: "குழாய் நல்லாத்தான் இருக்குது ரேவதி. உள்ள ஒரு புள்ள அழுவுது, வெளிய கேக்கக் கூடாதுன்னு தண்ணியத் தொறந்து வுட்டிருக்குது. நீ போன வெய்யி, நான் டீ போட்டு எடுத்தாரேன் அதுக்கு."

பஷீர் மாமாவின் கோடு

எங்கள் ஆபீஸில் பஷீர் மாமா எனக்கு அடுத்த சீட். துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இப்போது அவர் மகன் அங்கே இருக்கிறான். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு ஆன்லைன் வியாபாரக் கம்பெனிக்குப் பல நாடுகளில் சர்வர் உண்டு. மாமா தினமும் மத்தியானம் லுஹர் தொழுகை முடித்து வந்ததும் அந்த டாஷ்போர்டைத் திறப்பார். நாடு வாரியாக குரூப் போடுவார். துபாயை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுவார். அங்கே சர்வருக்குக் கோளாறு இல்லை என்று பச்சைக் கோடு ஒன்று நேராக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

அந்தக் கோட்டுக்கும் அவர் மகனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அவருக்கும் தெரியும். "அங்க கரண்ட் இருக்குது, நெட் இருக்குது, ஊரு நடக்குது. அது போதும்" என்பார். பையன் வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டான். தினமும் முதலிலிருந்து பில்டர் போடுகிறாரே என்று பாவமாக இருந்தது. "மாமா, இத சேவ் பண்ணித் தரட்டா? தொறந்தாலே துபாய் வந்து நிக்கும்" என்றேன். சோற்றுக் கையை அவசரமாக ஆட்டி மறுத்தார்: "வேணாம்மா. அதுவா வந்து நின்னா நான் பாக்க மறந்துடுவேன். நானே தேடிப் போனாத்தான் புள்ளய விசாரிச்ச மாதிரி இருக்குது."

காற்று அடித்த மத்தியானம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன. சொல்லாவிட்டால் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான், அது ஒருத்திக்குப் போதும்.

தேவனாம்பட்டினம் ஏலக் கூடத்தில் ஒரு பெரிய டிவி மாட்டப் போயிருந்தேன். படகுகளில் இருக்கும் கருவி, செல்போன் டவர் எட்டுகிற தூரத்துக்குள் வந்தால் பச்சை காட்டும், தாண்டிப் போனால் சிவப்பு. சாதாரண நாளில் அந்தச் சிவப்புக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. தொழிலுக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் திடீரென்று காற்று பிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து டிவி முன்னால் நின்றார்கள். சுவர் முழுக்கச் சிவப்பு.

அஞ்சலை என்று ஒரு பெண், டிவியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் லேப்டாப் பக்கம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். "எல்லாத்தையும் எடுத்துடு. எங்க வூட்டுக்காரர் படகு மட்டும் வை" என்றாள். படகின் பெயரைக் கேட்டு பில்டர் போட்டேன். டிவியில் எல்லாப் படகுகளும் அப்படியே இருந்தன, என் திரையில் மட்டும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் விரல்கள் இறுகுவது நாற்காலி வழியாக எனக்குத் தெரிந்தது. திரை ஒவ்வொரு முறை புதுப்பித்துக்கொள்ளும்போதும் இரண்டு பேருமே முன்னால் குனிந்தோம். சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு. "டவர் கெடைக்கலன்னாலும் இப்படித்தாங்க காட்டும்" என்று நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அது பச்சையானது. அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இனிக் கரைக்கு ஓடிவிடுவாள் என்று நினைத்து நான் லேப்டாப்பை மூடப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். டிவி முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவுரு வந்துடுவாரு. இப்ப மத்தவங்களையும் போடும்மா, எல்லாரும் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கேன்."

எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுவோம் என்று சொல்லித்தான் எங்கள் முதலாளி இதை ஊர் ஊராக விற்கிறார், வாங்குகிறவர்களோ ஏதாவது ஒன்றைத்தான் தேடி வருகிறார்கள், நடுவில் உட்கார்ந்து மீதியை மறைத்து மறைத்துத் திரும்பக் காட்டுவதற்கு எனக்குச் சம்பளம்.