பௌர்ணமி அன்று திறந்து வைத்த தேடுபொறி

எங்கள் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட்டை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நேர்முகத் தேர்வில், "பிஎச்டி எதுல பண்றீங்க?" என்று கேட்டார். "தகவல் மீட்பு சார்" என்றேன். "மீட்கறதுக்கு எங்க காணாம போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து முதல்வரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் எனக்கு வேலை கிடைத்தது.

கணினித் துறையில் உதவிப் பேராசிரியர் வேலை. கல்லூரி செங்கம் சாலையில், அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில், கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. என் ஆய்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒருவர் தன் வாயில் வருகிற வார்த்தையில் ஒன்றைக் கேட்டால், அதற்குச் சரியான புத்தகத்தைக் கணினி எடுத்துக் கொடுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எங்கள் நூலகத்தில் அப்போது இருந்த மென்பொருளுக்குப் புத்தகத்தின் தலைப்பை அட்டையில் உள்ளபடியே அடித்தால்தான் எதுவும் தெரியும். தலைப்பு தெரிந்தவன் எதற்குத் தேடப் போகிறான், நேராக அலமாரிக்கே போய்விடுவானே என்று நூலகரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மேடம், உங்க டிபார்ட்மென்ட் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.

எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். "மல்லாட்டை" என்று அடித்துத் தேடுவார்கள். "பதிவு எதுவும் இல்லை" என்று வரும். இத்தனைக்கும் எண்ணெய் வித்துப் பயிர்களின் பூச்சிகளைப் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்று இரண்டாவது வரிசையில் தூசி படிந்து கிடந்தது. அதில் நிலக்கடலைக்கென்றே ஒரு பெரிய பகுதி இருந்தது. கீழ்பென்னாத்தூரில் என் அப்பா ஆயுசு முழுக்க மல்லாட்டைதான் போட்டார். நிலக்கடலை என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், மல்லாட்டை என்றால் என்னவென்று தெரியாத ஒரு கணினியை வைத்துக்கொண்டு இவர்கள் நூலகம் நடத்தினார்கள்.

எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த வேலையைத் தொடங்கினேன். நூலக மூலையில் யாரும் தொடாத பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மாணவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு புத்தகத்தின் பொருளடக்கத்தையும் தட்டச்சு செய்தோம். தேடி வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே இரண்டு பொத்தான் வைத்தேன்: பயன்பட்டது, பயன்படவில்லை. ஒரு மாணவி மல்லாட்டை என்று அடித்து ஏமாந்து, பிறகு நிலக்கடலை என்று அடித்து "பயன்பட்டது" என்று அழுத்தினால், அந்த இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் என்று என் நிரல் குறித்துக்கொள்ளும். பத்துப் பேர் அப்படிச் செய்தால் பதினோராவது ஆளுக்கு ஏமாற்றம் இருக்காது. அந்த அழுத்தல்கள்தான் என் ஆய்வின் உயிர். அவை போனால் என் ஆய்வேட்டில் முன்னுரையும் மேற்கோள் பட்டியலும்தான் மிஞ்சும். பல்கலைக்கழகம் ஏற்கெனவே எனக்குக் காலம் நீட்டிக் கொடுத்திருந்தது. இனி நீட்ட மாட்டோம் என்றும் எழுதிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் மாணவர்கள் அந்தக் கணினியில் தேடினால் போதும், எழுதி முடித்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துத் தர மதிப்பீட்டுக் குழு வரப் போகிறது என்று செய்தி வந்தது. கரஸ்பாண்டன்ட் உடனே நூலகத்துக்குப் புது மென்பொருள் வாங்கினார். தெரிந்தவர் மூலமாகச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி. அங்கிருந்து வந்த ஆள் வேகிற வெயிலில் டை கட்டியிருந்தார்.

"இங்க ஒண்ணுமே இருக்காது மேடம். எல்லாம் கிளவுட்" என்றார்.

"நெட் இல்லன்னா?"

"இந்தக் காலத்துல நெட் இல்லாம போகுமா?" என்று சிரித்தார்.

அவரை மன்னித்துவிடலாம், வெளியூர்க்காரர். கரஸ்பாண்டன்ட் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் திறப்பு விழாவுக்குக் குறித்த நாள் பௌர்ணமி. அதுவும் பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது கிரிவலம் போக வேண்டும் என்று செய்தித்தாளில் போடுவார்களே, அந்த நேரத்துக்கே, சாயங்காலம். ஊர் முழுக்க ஜனம் இறங்கும் நேரம். பௌர்ணமி அன்று இங்கே அத்தனை ஜனத்தில் சிக்னல் கிடைக்காது, கையில் இருக்கும் செல்போன் மணி பார்க்கத்தான் உதவும். கிரிவலப் பாதையில் டீக்கடைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் ஸ்கேன் அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சில்லறையாகக் கொடுங்கள் என்பார்கள். டீக்கடைக்குத் தெரிந்த விஷயம் இது. கல்லூரிக்குக் கம்பி வழியாக வந்த இணைப்போ, நடைபாதை போடத் தோண்டிய நாளிலிருந்து செத்துக் கிடந்தது. சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியை நம்பித்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய் இதைச் சொன்னேன்.

"சார், அன்னிக்கு நெட் சுத்தமா வராது. வேற நாள் வச்சிக்கலாமே."

"அண்ணாமலையார் ஆரம்பிச்சு வைக்கிறாரு மேடம். நீங்க இன்னா குறுக்க பேசறீங்க?"

"சரி சார். இன்னொண்ணு. என் கம்ப்யூட்டர மட்டும் ரெண்டு மாசம் அந்த மூலையிலேயே விட்டுடுங்க. என் ஆராய்ச்சி அதுல இருக்கு."

"ரெண்டு மாசமா? குழு வந்து பாத்தா, ரெண்டு சாப்ட்வேர் எதுக்குனு கேப்பாங்க. காலேஜ் உங்க ஆராய்ச்சிக்கா நடக்குது?"

எதிரில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கெஞ்சினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வகுப்பு முடிந்து நூலகத்துக்குப் போனேன். மூலை காலி. என் கணினி வாசல் மேசைக்கு வந்திருந்தது. புதுத் திரை, புது விசைப்பலகை, பக்கத்தில் பார்கோடு ஸ்கேனர்.

"சென்னைக்காரரு வந்தாரு மேடம். உள்ள இருந்த பழசெல்லாம் சுத்தமா அழிச்சுட்டு புதுசு ஏத்திட்டாரு. இப்ப எவ்ளோ ஜோரா ஓடுது தெரியுமா?" என்றார் நூலகர். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

"என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நான் யாரு கேக்கறதுக்கு? மேல சொன்னாங்க, செஞ்சாச்சு."

அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் வேகமாக வெளியே வந்துவிட்டேன். ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்தக் கல்லூரியில் யாரையும் நான் நம்பியதில்லை. தினமும் சாயங்காலம் நிரலையும் பொருளடக்கங்களையும் மாணவர்களின் தேடல் பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அது என் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்கியது. இனி வர வேண்டிய இரண்டு மாதம்தான் போயிற்று. என் ஆய்வு நெறியாளருக்கு போன் செய்தேன். "இருக்கறத வச்சி எழுதும்மா. கொஞ்சம் கம்மியாதான் இருக்கும். ஜெயிக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

பௌர்ணமி வந்தது. கல்லூரி மைதானத்தை வண்டி நிறுத்த விட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற வேளாண் பேராசிரியர், இந்த மாவட்டத்துக் கிராமத்துக்காரர். பாதையை மூடிவிடுவார்கள் என்று மதியமே வந்து உட்கார்ந்துவிட்டார். ஊர் தெரிந்த மனிதர்.

நேரம் வந்ததும் பூஜை. நூலகர்தான் செய்தார், குளித்து முழுகி வேட்டி கட்டி வந்திருந்தார். திரைக்குச் சந்தனம் குங்குமம், விசைப்பலகைக்குச் சந்தனம் குங்குமம், ஸ்கேனருக்கும், அதில் ஒளி வரும் கண்ணாடிக்கு நட்ட நடுவில், சந்தனம் குங்குமம். எனக்கு வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அன்று நான் எதையும் சொல்வதாக இல்லை.

கற்பூரம் காட்டியதும் கரஸ்பாண்டன்ட் முதல் புத்தகத்தை ஸ்கேனருக்கு நேரே பிடித்தார். சத்தம் வரவில்லை. திருப்பிப் பிடித்தார். நூலகர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பொட்டாக இருந்தது கண்ணாடி முழுக்கப் பூசிக்கொண்டது. "அது கெடக்கட்டும், தேடறத காட்டுங்க" என்று கரஸ்பாண்டன்ட் பல்லைக் கடித்தார்.

விருந்தினரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் ஒற்றை விரலால் நிதானமாக அடித்தார்: மல்லாட்டையில் சுருள் பூச்சி. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பாதையில் அரோகரா என்று குரல் எழுந்தது. சென்னை ஆள் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், பிறகு வாசலுக்குப் போனார், பிறகு படியிறங்கி மைதானத்துக்கே போய்விட்டார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்தில் கரஸ்பாண்டன்ட் வந்து குனிந்தார்.

"மேடம், உங்க பழசு கைல இருக்கா?"

"அழிச்சுட்டீங்களே சார்."

"உங்களப் பத்தி எனக்குத் தெரியும். காப்பி இல்லாம இருக்க மாட்டீங்க. மானம் போகுது மேடம். போடுங்க. ரெண்டு மாசம் கேட்டீங்க இல்ல? மூணா எடுத்துக்குங்க. மைக்லயே உங்க பேரச் சொல்றேன்."

மூன்று மாதம் என்றதும் மனசு இளகிவிட்டது. எழுந்து போய்ப் பென் டிரைவைச் செருகினேன். அதற்கு நெட் வேண்டாம், மேகம் வேண்டாம். விருந்தினர் மறுபடி அடித்தார். அடித்த கையை எடுப்பதற்குள் புத்தகத்தின் பெயரும் அலமாரி எண்ணும் வந்து நின்றன. மாணவி ஒருத்தி ஓடிப் போய் இரண்டாவது வரிசையிலிருந்து அந்தத் தடிமனான புத்தகத்தையே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நம்மூரு பேச்சுல கேட்டேன். புரிஞ்சிக்கிச்சே!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். திரையின் கீழே இருந்த பொத்தான்களைப் படித்துப் பார்த்துவிட்டு, "பயன்பட்டது" என்பதை அழுத்தினார்.

கைதட்டல் அடங்கியதும் கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்தார். "நம்ம மாவட்ட மாணவர்களுக்காகவே, நம்ம நிர்வாகம் சென்னைக் கம்பெனியோட சேர்ந்து உருவாக்கின புதிய மென்பொருள் இது" என்றார். மைதானத்திலிருந்து திரும்பியிருந்த டை கட்டிய ஆள் எழுந்து கும்பிட்டார். நான் காத்திருந்தேன். நூலகருக்குச் சால்வை போட்டார்கள். கரஸ்பாண்டன்ட் நன்றி, வணக்கம் என்று முடித்தார். என்னைப் பற்றி ஒரு எழுத்து வரவில்லை. அவர் என் பக்கமே திரும்பவில்லை.

மேசைக்குப் போனேன். பென் டிரைவைப் பிடுங்கினேன். திரையில் பிழைச் செய்தி வந்து நின்றது.

"இன்னா ஆச்சு மேடம்?" மைக் அவர் கையிலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணும் ஆகல சார். என் சாமான நான் எடுத்துக்கிட்டேன். உங்களுது கிளவுடுல இருக்கு. ஜனம் கலைஞ்சதும் வரும்."

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன். பஸ் எதுவும் உள்ளே வராது. ஊரே கோவிலிலிருந்து அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருக்க, நான் கோவிலைப் பார்த்து எதிரில் நடந்தேன். "எதிர்ல வர்றியேம்மா, ஓரமா போ" என்று ஒருவர் அதட்டினார். ஓரமாகத்தான் போனேன். சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கம் எழுதவில்லை, ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து, இருந்த பதிவுகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தேன். கம்மிதான், ஆனால் நின்றது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், பின்னிணைப்பில் இருந்த தேடல் பட்டியலின் கடைசி வரியைக் காட்டி, மல்லாட்டையில் சுருள் பூச்சி என்று கேட்ட இவர் மாணவர்தானா என்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், விழாவுக்கு வந்தவர் என்றேன்.

அச்சுக்குப் போகும்முன் நெறியாளர் ஒன்று சொன்னார். "நன்றியுரையில காலேஜ் நிர்வாகத்துக்கு ஒரு வரி போட்டுடும்மா. வழக்கம்தானே." மல்லாட்டை, நிலக்கடலை என்று மாற்றி மாற்றி அடித்த மாணவர்களுக்கு நன்றி எழுதினேன். அப்பாவுக்கு எழுதினேன். கரஸ்பாண்டன்ட் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அந்தப் பக்கத்தில் அவர் கிடைக்க மாட்டார்.