ஜீப்பு ஓட்டும் கீபோர்டு மாஸ்டர்

எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் ஏறி முடிக்கும்வரை, அன்சாரின் பத்து விரல்களும் ஸ்டியரிங்கின் மேல் வாசித்துக்கொண்டிருக்கும். "ஆத்தா, தூக்குவாளிய மடில வச்சுக்க. கொழம்பு சிந்துச்சுன்னா ஒரு வாரத்துக்கு வண்டி மணக்கும்" என்பார். இடது கை அந்தத் தூக்குவாளியைச் சுட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வயது நாற்பதுக்குள். காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு. மாலையில் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கீபோர்டு மாஸ்டர். சட்டைப்பையில் எப்போதும் நகவெட்டி. நகம் வளர்ந்த பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து வெட்டிவிட்டுத்தான் வகுப்பு நடக்கும் மாடிக்கு ஏறலாம். ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கீபோர்டு. மற்ற நால்வரும் பெஞ்சுப் பலகையில் வாசிக்க வேண்டும். பலகையில் தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார். "என்னா மாப்ளே, மோதிர வெரலுக்கு இன்னைக்கு லீவா?"

மஸ்கட்டிலிருந்து மகள் அருணாவோடு ஓராண்டு தங்க வந்த நான், இசை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அன்சாரிடம் அருணாவைச் சேர்த்த முதல் இரண்டு வகுப்புகளில் அதை எடுக்கத் தோன்றவில்லை. "உள்ளங்கையில ஏலக்கா வச்சிருக்கேன்னு நெனச்சுக்க பாப்பா. நசுங்கவும் கூடாது, விழுகவும் கூடாது" என்றார், அவள் விரல்கள் அப்படியே வளைந்தன. பிறகுதான், முழுநேர ஆசிரியரா என்று கேட்டேன்.

"இல்லக்கா, காலைல ஜீப்பு ஓட்டுறேன்."

மறுநாள், அருணாவுக்குக் காய்ச்சல் என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஓர் எஸ்டேட் வீட்டில், வெளிநாட்டு இசைத் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். அங்கே போக என் தம்பி பிரபு ஜீப்பு சொல்லிவிட்டான். யாருடையது என்று நான் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்றது அன்சாரின் ஜீப்பு.

"காய்ச்சல் தேவலையா பாப்பா?"

"எனக்குக் காய்ச்சலே வரலையே அங்கிள்."

அவர் என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். "வளைவு சாஸ்தி, கம்பியப் பிடிச்சுக்கங்கக்கா. அந்தம்மா நல்லாச் சொல்லித் தருவாக."

மேலே போய்ச் சேர்வதற்குள் மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்களை உருட்டிப் பார்த்தேன். தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று. எதுவும் பல்லைத் தாண்டவில்லை.

அந்த அம்மா அருணாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கை ரொம்ப அழகா உக்காந்திருக்கே. முன்னாடி யாருகிட்ட படிச்சா?"

அன்சார் வராந்தாவில், திறந்த கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"யார்கிட்டயும் இல்லைங்க. தானாவே வந்தது" என்றேன். அருணா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நாங்கள் வந்து ஜீப்பில் ஏறியபோது, உள்ளே அடுத்த பிள்ளை வாசிக்கத் தொடங்கியிருந்தது. அன்சார் சாவியைத் திருகவில்லை. பிரேக்கை விடுவித்துக் கீழே இறங்கினார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, தோளைக் கொடுத்து, வாசிப்பு எங்கள் காதுக்கு எட்டாமல் போகும்வரை, எங்கள் இருவரோடும் சேர்த்து வண்டியை லேசான சரிவில் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார்.