மூன்று அப்பாக்கள்

அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு மத்தியானம் முழுக்க நான் நம்பியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு அப்போது. காரணம் என் ஆங்கிலம்தான்.

பிரேசர் டவுன் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது பெரியப்பாவை ‘பிக் ஃபாதர்’ என்றும் சித்தப்பாவை ‘ஸ்மால் ஃபாதர்’ என்றும் எழுதியிருந்தேன். அங்கிள் என்றால் ஆட்டோக்காரரும் அங்கிள்தான். சொந்தப் பெரியப்பாவை அப்படி எழுத மனம் வரவில்லை. மறுநாள் டீச்சர் கல்யாணங்களின் வகைகளை விளக்கினார். ஒருவன் பல பெண்களைக் கட்டுவது ஒரு வகை. ஒருத்தி அண்ணன் தம்பிகள் எல்லோரையும் கட்டிக்கொள்வது இன்னொரு வகை. அக்கா தங்கை இருவரையும் ஒருவனே கட்டுவதைப் பற்றியும் சொல்லியிருப்பார். நான் விரல்விட்டு அப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று பேர், ஒரே வீடு, மூவர் சட்டைக்கும் அம்மாதான் இஸ்திரி போடுகிறாள். இப்போது அப்படிச் செய்தால் ஜெயில் என்று டீச்சர் முடித்தார்.

அல்சூரில் வீடு வந்து சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களோடேயே இருந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகன், என் தம்பி, தட்டோடு காத்திருந்தான்.

“ஒரு கல்யாணத்துக்கு மேல பண்ணா ஜெயிலாமே. நம்ம வீட்டுக்கும் போலீஸ் வருமா?”

அப்பாவின் டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. சின்னம்மா கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டாள்.

“யாருடி உன்னாண்ட இதெல்லாம் சொன்னது?” என்றாள் அம்மா.

“டீச்சர். உனக்குத்தான் மூணு பேர் இருக்காங்களே. அப்பா, பெரியப்பா, சித்தப்பா.” தேம்பித் தேம்பி அழுதேன்.

முதலில் சிரித்தது பெரியப்பா. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “இந்த ஒருத்தரை வெச்சுக்கினு நான் படுற பாடு போதாதா?” என்றாள். அப்பா அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கழுத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இரண்டு போண்டா அதிகமாக வைத்தாள். அம்மா எங்கும் போகப்போவதில்லை. அந்த நிம்மதியில் வயிறு முட்டத் தின்றேன்.

“பெரியம்மா, எனக்கு?” என்று தம்பி என் அம்மாவிடம் தட்டை நீட்டினான். அவள் தட்டும் காலி. உடனே என் அப்பாவிடம் ஓடி, “அப்பா, உங்களுது ஒண்ணு குடுங்க” என்றான்.

என் அம்மா அவனுக்குப் பெரியம்மா என்றால், என் அப்பா பெரியப்பா ஆகவேண்டும். அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது எனக்கு உறைக்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அன்று நான் எண்ணியது அப்பாக்களை மட்டும். அம்மாக்களை எண்ணும் யோசனை வரவில்லை. அப்பா அப்படிச் சிரித்தது அதற்குத்தான்.