ஒடீல் முன்னால் நடந்த நாள்

சகெனே ஆற்றுப் பக்கத்துக் காடுகளில் இருபத்தெட்டு குளிர்காலம் பனியில் நடந்தவள் ஒடீல் பூலியான். ஆனாலும் அவளுக்குப் பனியில் நடக்கத் தெரியாது. கணவர் லெயாந்தர் அகலமான பனி மிதியடிகளைக் கட்டிக்கொண்டு புதுப்பனியை மிதித்து முன்னால் போவார். அவர் அமுக்கிவைத்த தடத்தில் இவள் ராணி மாதிரி வருவாள். ராணிகளுக்கு வேர்ப்பதில்லை.

அவர்கள் பனிநடைக் குழுவில் ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவர் இருநூறு தப்படி வைத்ததும் ஓரமாக ஒதுங்கி நின்று, எல்லோரையும் போகவிட்டு, வாலில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒடீலின் முறை வரும்போதெல்லாம் லெயாந்தரே இன்னொரு இருநூறு போட்டுவிடுவார். கல்லு மாதிரி திடமான இதயம் என்று ஊரே சொன்ன அந்த மனுஷன், இரண்டு வருஷம் முன்பு, தட்டிலிருந்த பட்டாணி சூப் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பலவீனமான இதயம் என்று மருத்துவர் எச்சரித்து வந்தது ஒடீலுடையதை.

"பனியில நடங்க. இதயத்துக்கு நல்லது, முழங்கால் அவ்வளவா அடி வாங்காது, தூக்கமும் வரும்," என்றார் அந்த மருத்துவர். "ஆனா நடக்கறப்போ பேச முடியணும். பேச்சு நின்னா நீங்களும் நின்னுடுங்க."

"யார்கிட்ட பேசறது?"

"மரம் கேக்காதா?"

வீட்டில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசியவர் லெயாந்தர். இப்போது ஒடீல் கொல்லையைச் சுற்றிப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம், பிறகு ஒரு மணி நேரம் அவரோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். சொன்னபடி தூக்கம் வந்தது. தூக்கத்தில் அவரும் வந்தார். மருந்துச் சீட்டில் அது இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவோடு மலைக் குடிசைக்கு நடை. இந்தத் தடவை தன் முறையைத் தானே நடப்பது என்று முடிவுகட்டியிருந்தாள். காரை விட்டு இறங்கியதும் குழுத் தலைவர் ஒவிலா கூப்பிட்டார்.

"ஏ ஒடீல், காலரைத் திற. உள்ள என்ன, பருத்தியா?"

"அவரோட சட்டை."

"தெரியுது. வேர்வையைக் குடிச்சிட்டு அப்படியே உறைஞ்சுபோகும். இதே சட்டைக்கு அவனையே ஒரு நாள் திருப்பி அனுப்பியிருக்கேன். போய்க் கம்பளிய மாட்டு."

காருக்குள் மாற்றிக்கொண்டாள். சட்டையை மடிக்க ஆன நேரத்தில் மூன்று சட்டை மடித்திருக்கலாம்.

பாதி ஏற்றத்தில் அவள் முறை வந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த தோழி உகெத் குரல் கொடுத்தாள். "யாராவது அவளுக்காகப் போங்கப்பா!"

"மேல போய் எனக்காகச் சூப்பையும் நீயே குடிச்சிடு," என்றாள் ஒடீல். சிரிப்பு எழுந்தது.

முழங்கால் வரை பனி. ஒவ்வொரு அடியும் சேற்றில் மாட்டிய வண்டியை இழுப்பது போல. "இவ்வளவு கஷ்டம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று லெயாந்தரைக் கேட்டபடி போனாள். நூற்றிருபதாவது தப்படியில் வாக்கியம் பாதியில் அறுந்தது. நின்றாள். பின்னால் பதினோரு பேரும் நின்றார்கள். யாரும் முந்தவில்லை.

மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினாள். நூற்று ஐம்பது. நூற்றெண்பது. இருநூறு.

ஒதுங்கினாள். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். உகெத் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கடைசியாக ஒவிலா.

"வா, வாலைப் பிடி."

"நீ போ, வரேன்."

அவள் போட்ட தடம் பதினோரு பேர் மிதித்துக் கெட்டியாகி, கீழே வளைவு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. இனி எவரும் சிரமமில்லாமல் ஏறி வரலாம். இன்னும் ஒரு ஆள், இத்தனை வருஷம் முன்னால் நடந்த அவர், பின்னால் வந்து சேருகிற நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ஏறினாள்.