மரம் எண்ண வந்த துரை

1. நோட்டீஸ்

கச்சேரியில் நான் பார்த்த முதல் பெரிய வேலை, ஒரு பொய்யை நல்ல இங்கிலீஷில் சொன்னதுதான். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. இலங்கை மலைநாட்டில், எங்கள் பதுளையில், அரசாங்க ஏஜண்டு துரையின் ஆபீசுக்கு அப்படித்தான் பேர். அப்பாவுக்கு பஜாரில் புடவைக் கடை. எனக்குக் கடை பிடிக்கவில்லை, இங்கிலீஷ் பிடித்தது. அதனால் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் ஒரே ஒரு புத்திதான் சொன்னார்: "பேசுறவன் சொல்றதை சொல்லு. கூட்டாதே, குறைக்காதே, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே."

அப்போது ரயில் பாதை பதுளைக்கு வந்துகொண்டிருந்தது. பாதை போகும் காணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நட்டஈடு கொடுக்கும். ஹாலிஎலப் பக்கம் சின்னக்கருப்பன் கங்காணியின் தோட்டம் முழுசும் அதில் மாட்டியது. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆள் கட்டி வேலை வாங்கியவர். லயம் என்கிற கூலி வரிசை வீட்டுக் காம்பராவை விட்டு வெளியே வந்து, சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி, பாக்கும் மிளகும் போட்டு ராஜா மாதிரி இருந்தார்.

நான்தான் போய் நோட்டீஸை ஒட்டி வாசித்தேன். "அடுத்த வாரம் துரை வந்து மரம் எல்லாம் எண்ணுவார்" என்றும் சொன்னேன்.

"மரத்தை எதுக்குங்க எண்ணணும், கிளாக்கர் ஐயா?"

"சட்டம் அப்படி, கங்காணி."

புதுக் கோட்டு, புது உத்தியோகம். அதற்கு மேல் விளக்குவது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்துவிட்டேன். அட மடையா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

2. மலடு

அடுத்த வாரம் மதிப்புப் போடும் துரையோடு போனேன். நல்ல மனுஷன், வெயிலில் முகம் பழுத்துப் போயிருந்தது. பாக்கு மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஒரு குலை இல்லை. "இதில் எத்தனை காய்க்கும் என்று கேள்" என்றார். கேட்டேன்.

"எல்லாம் மலடுங்க தொரை. ஒண்ணும் காய்க்காதுங்க. சும்மா நிக்குது, பாருங்க."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். துரை எழுதிக்கொண்டார். எனக்கு மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. மலட்டு மரம் வைத்திருக்கிறவன் வீட்டுப் பின்னால் ஏன் இத்தனை பாக்கு உரித்த தொலி? காற்றில் ஏன் பச்சை மிளகு வாசனை? கங்காணியின் மனைவி மாரியாயி ஏன் அழுத கண்ணோடு நிற்கிறாள்? ஆனால் கேள்வி கேட்பது துரையின் வேலை, நான் வெறும் வாய். துரையோடு திரும்பி வந்தேன்.

3. சண்டை

நட்டஈடு இவ்வளவு என்று அறிவிப்புப் போனதும் கங்காணி கச்சேரிக்கே வந்துவிட்டார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"இது என்னங்க நியாயம்? பசறை ரோட்டுல ஊத்தோட ஒரு காணி பேசி வச்சிருக்கேன். இந்தக் காசுல அதுல பாதிகூட வராது. திரும்ப லயத்துக்குப் போனா தொங்கிருவேன்னு எம்பொண்டாட்டி சொல்றா!"

"காய்க்காத மரத்துக்கு விறகு விலைதானே போடுவாங்க, கங்காணி?"

"காய்க்காதா? எம்மரமா? குலை தாங்காம சாயும்ங்க!"

"அப்புறம் ஏன்யா மலடுன்னு சொன்னீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். இந்தியாவில், முசிறிப் பக்கம் அவர் ஊரில், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் மரம் எண்ண வந்தால் மரத்துக்கு வரி ஏறுமாம். காணி கைமாறினால் கிஸ்தி வரிப் பாக்கியை விலையில் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார்களாம். இங்கேயும் அதுதான் என்று நினைத்து, நாங்கள் வருவதற்கு முந்தின நாள் குலையெல்லாம் பறித்துவிட்டார். மிளகுக் கொடிகளை அடியோடு வெட்டி எறிந்துவிட்டார்.

"அட பாவி மனுசா! எண்ணினது காசு குடுக்கிறதுக்குய்யா!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

4. விசாரணை

ஏஜண்டு துரை முன்னால் கங்காணி ஒன்றையும் மறைக்கவில்லை. நானும் அப்படியே சொன்னேன். துரை முகம் சிவந்தது. "அன்றைக்குப் பொய், இன்றைக்கு உண்மையா? எதை நம்புவது?"

அப்போதுதான் ஹெட் கிளார்க் சொன்ன புத்தியை மீறினேன். "சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல உத்தரவு வேண்டும்" என்றேன். ஹெட் கிளார்க் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "எதுக்கு எண்ணுகிறோம் என்று இவர் என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறது" என்றேன்.

துரை என் பக்கம் திரும்பினார். பிறகு, "இந்தியாவில் மரத்துக்குக்கூட வரியா?" என்று கேட்டார். கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. அடுத்த நாளே தோட்டத்துக்கு வந்து மரம் ஏறுகிறவனை ஏற்றினார். குலை பறித்த வடு ஒவ்வொரு மரத்திலும் பச்சையாக இருந்தது. பாக்குக்கு முழு மதிப்புப் போட்டார்.

மிளகுக்கு வந்ததும் நின்றார். தாங்கு மரங்களைக் கொடியின் வேர் கவ்வியிருந்த தடத்தைக்கூட அவருக்குக் காட்டினேன். குனிந்து பார்த்து, "அழகான கொடியாக இருந்திருக்கும்" என்றார். "ஆனால் அவன் கையால் அவன் வெட்டியதற்கு அரசாங்கம் காசு கொடுக்காது."

இதையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். கங்காணி, "சரிங்க" என்றார், அவ்வளவுதான்.

5. பசறை ரோடு

வந்த காசுக்கு அந்தக் காணியின் மேல் பாதிதான் கிடைத்தது. ஊற்று கீழ்ப் பாதியில் இருந்தது, அதை வேறொருவர் வாங்கிக்கொண்டார். லயத்துக்குப் போகாமல் தப்பித்தார்கள், அந்த மட்டும் சந்தோஷம்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மாரியாயி இடுப்பில் குடத்தோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"வாங்க ஐயா. தாகத்துக்குத் தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்க்கா. எவ்வளவு தூரம் போய் எடுத்துட்டு வர்றீங்க."

"அட, குடிங்க. நாளைக்கும் போகத்தானே போறேன்."

வாங்கிக் குடித்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ காணிகளுக்குப் போயிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கேள்வியை மொழிபெயர்ப்பது பாதி வேலைதான். எதுக்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கேட்டும் சொல்லாத ஒருவனால் மாரியாயி தினம் மேடு ஏறுகிறாள்.